அப்பா பெயரில் ஓர் அடிக்குறிப்பு

அந்த அக்காவிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "இன்னிக்கு மழை வரும்" என்றால் "யாரு சொன்னா?" என்பார். வானத்தைக் காட்டினால் சரி, விட்டுவிடுவார். "பேப்பர்ல போட்டிருந்தான்" என்றால் தொலைந்தோம். எந்தப் பேப்பர், என்றைக்கு வந்தது, பக்கம் எத்தனை என்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பார். அந்தக் கண்ணாடிக்கு ஒரு காது உடைந்து, அதற்குப் பதில் கறுப்பு நூல் கட்டியிருக்கும். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே "பக்கம் எத்தனை". அவர் காதில் விழாமல்தான் சொல்வோம். விழுந்தால் "இதை மொதல்ல யாரு ஆரம்பிச்சது?" என்று விசாரணை நடக்கும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு, நாகப்பட்டினத்துக்கு, திருப்பி அனுப்பி ஓய்ந்திருந்த காலம் அது. நானும் அக்காவும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு வரிசை தள்ளி இருந்தோம். வார நாளில் ஆளுக்கொரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. சனிக்கிழமை ஆசிரியப் பயிற்சி வகுப்பு. மூன்று வருடம் அதில் உட்கார்ந்து எழுந்தால்தான் வேலை நிரந்தரமாகும். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும், ஆங்கிலத்தில். யார் சொன்ன கருத்து, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குறிப்புப் போட வேண்டும். எங்களுக்கெல்லாம் அது வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. அக்காவுக்கு மட்டும் அது கல்யாண விருந்து.

படிக்கிறபோது கிடைத்ததையெல்லாம் பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு ரயில் பாலத்தடியில் ரிக்‌ஷாவில் போவதைப் பார்க்கிற புதியவர்கள், பெண் ஏதோ பலகாரம் கொண்டுபோகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் கிள்ளானிலிருந்து வருகிற சாமுவேல் என்று ஒருவன் இருந்தான். நல்ல பையன், சோம்பேறி. ஈயச் சுரங்கங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். அடிக்குறிப்பு இல்லாமல் கொடுத்தால் வகுப்பு எடுத்த வெள்ளைக்காரத் துரை திருப்பிவிடுவார் என்று தெரிந்ததும், மனசுக்குத் தோன்றிய பக்க எண்களையெல்லாம் போட்டு ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டான். அக்கா அதை வாங்கிப் பார்த்தார். மறுவாரம் வந்து அவன் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, நானூத்திப் பத்தாம் பக்கம்னு போட்டிருக்கியே, அந்தப் புத்தகத்தை நீ பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"அது முந்நூறு பக்கத்தோட முடிஞ்சிபோவுது. மிச்சத்தை நீயா எழுதினே?"

வகுப்பே சிரித்தது. சாமுவேலும் சிரித்துவிட்டான். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலையே அவனோடு நூலகத்துக்குப் போய், உட்காரவைத்து, உண்மையான பக்கங்களைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். என் அப்பா கூட, "அந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லியா?" என்றார். எனக்கும் சில சமயம் அப்படித்தான் எரிச்சலாக வரும்.

எரிச்சல் போனது கார்டு வீட்டுப் பெண் விஷயத்தில். எங்கள் வரிசையில் ரயில் கார்டு ஒருவரின் மகள், காஜாங்கில் ஒரு லோரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பெண்ணின் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் தலைகாட்டாமல் கிடந்தார். அக்கா குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "உங்களுக்கு யாரு சொன்னா?" அவ்வளவுதான் கேள்வி. இந்த வீட்டுக்காரி அந்த வீட்டுக்காரியைக் காட்டினாள், அந்த வீட்டுக்காரி குழாயடியைக் காட்டினாள், குழாயடி பால்காரரைக் காட்டியது. பால்காரர் மாட்டைத் தடவிக்கொண்டே, "பாப்பா பெட்டியோட காஜாங் பஸ் ஏறுச்சின்னு சொன்னேன். வேற என்னா?" என்றார். அவள் போனது தன் கூடப்பிறந்த அக்காளின் பிரசவத்துக்கு.

அக்கா அதே வழியில் திரும்பி வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பால்காரரு சொன்னது இவ்வளவுதான். மிச்சத்தை யாரு யாரு எவ்வளவு சேத்தீங்கன்னு வரிசையா எங்கிட்ட இருக்கு. படிக்கவா?" என்று கேட்டார். ஒருவருக்கும் அதைக் கேட்க நேரமில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த வருடமே நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. அன்றிலிருந்து அக்காவைக் கேலி செய்தாலும் கொஞ்சம் மரியாதையோடு செய்தேன்.

இவ்வளவு கறாரான மனுஷி ஒரே ஒரு விஷயத்தில் முழுக்கத் தப்பாக இருந்தார், அதுவும் ஒரு தமிழர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. துரை கரும்பலகையில் எழுதிக் காட்டிய முறைப்படி, ஆசிரியர் பெயரில் கடைசியாக இருப்பது குடும்பப் பெயர், அது முன்னால் வர வேண்டும். பிறகு காற்புள்ளி. பிறகு சொந்தப் பெயரின் முதலெழுத்து. வெள்ளைக்காரனுக்கு அது சரி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் எழுத்தை முன்னால் போட்டு, நம் பெயரை முழுசாக எழுதுகிறோம். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"நம்ம கிட்ட குடும்பத்துப் பேருன்னு இருக்கிறது அப்பா பேருதான். அதுதான் முன்னாடி வரணும்."

"எங்கப்பா நாலு வரி எழுதுனதில்லக்கா. அவரைப் போய் எழுத்தாளரா ஆக்குறீங்களே லா" என்று நான் கத்தினேன்.

"முறைன்னா எல்லாருக்கும் ஒரே முறை. வெள்ளக்காரனுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?"

அவர் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் தமிழர்களுடைய அப்பாக்களெல்லாம் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் ஓர் எழுத்தாகச் சுருங்கி, காற்புள்ளிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தன் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது தோட்டப் பள்ளிக்கூடங்களை. அவருடைய சித்தப்பா டெங்கில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார், காயத்துக்கு மருந்து கட்டுகிற வேலை. தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. லீவு நாளில் அங்கே போய்த் தங்கிய அக்கா, அந்தப் பள்ளி வாத்தியாரைச் சந்தித்தார். கா. வேலாயுதம் என்று பெயர். அப்பா காத்தமுத்து, தஞ்சாவூர்ப் பக்கம், இறந்து பல காலம். வேலாயுதம் இளைஞர், மனைவி மாசமாக இருந்தார். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகைதான் பள்ளிக்கூடம்.

பிள்ளைகள் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பள்ளிக்கு மானியம் கொடுத்தது. பிள்ளைகளோ காலையில் அம்மாக்களோடு புல் பிடுங்கப் போய்விடுவார்கள். ஆனால் அத்தனை பேரும் வந்ததாகப் பதிய வேண்டும். கிராணி வந்து பக்கத்தில் நிற்பார். தோட்டத்துக் கணக்குகள் எல்லாம் அவர் கையில்தான்.

"கை கூசுதும்மா. ஆனா போட்டுடுறேன். போடாட்டி மறுநாளு வீட்டைக் காலி பண்ணணும்" என்று வேலாயுதம் சொன்னாராம். அவர் இருந்த வீடும் தோட்டத்து வீடு.

"இதை எழுதலாமா?" என்று அக்கா கேட்டார்.

"எழுதுங்க. நான் சொன்னேன்னே போடுங்க. இத்தினி வருஷத்துல எங்கிட்ட வந்து யாரும் ஒண்ணும் கேட்டதில்ல."

எழுதினதை அக்கா எனக்குக் காட்டினார். "பேரை எடுத்துடுங்கக்கா. 'ஒருவர் சொன்னார்'னு போட்டா போதாதா?" என்றேன்.

"ஒருத்தர் சொன்னாருன்னா அது குழாயடிப் பேச்சு. எவன் நம்புவான்? அதோட, அவரு சொன்னதை மட்டும் எடுத்துக்கிட்டு அவரை விட்டுட்டா அது திருட்டு இல்லியா? அவரே போடச் சொல்லிட்டாரு."

அடியில் அவர் முறைப்படி குறிப்பு விழுந்தது. 'காத்தமுத்து, வே., நேரில் சொன்னது, டெங்கில்.' பட்டம், பதவி, வாத்தியார், டாக்டர் எதையும் அடிக்குறிப்பில் போடக்கூடாது என்பது துரையின் இன்னொரு விதி. அதனால் வாத்தியார் என்ற சொல் அதில் இல்லை.

கட்டுரை துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆசிரியர்கள் நடத்திய ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு அவரே அனுப்பினார். அச்சில் வந்த அன்றைக்கு அக்கா எனக்குப் பாசார் சந்தையில் கச்சான் பூத்தே கடலை வாங்கிக் கொடுத்தார். அவர் காசு செலவழித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"தோட்டத்து தொரை கிளப்புல அந்தப் புஸ்தகத்தைப் பாத்துட்டாரு. குதிக்கிறாரு. யாரு சொன்னான்னு கிராணியை விட்டுத் தேடச் சொல்லியிருக்காரு. பேரு கீழேயே போட்டிருக்காமே. ஏம்மா, ஒனக்குப் புத்தியிருக்கா? வாத்தியாரு பொஞ்சாதிக்கு இது எட்டாம் மாசம்."

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவர் பத்திரிகையையும் பார்க்கவில்லை. செய்தி மட்டும் கேட்டுவிட்டு, விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருந்தார். அக்கா புடவையைக்கூட மாற்றவில்லை, குடையையும் பத்திரிகை இருந்த பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் சித்தப்பாவும் கூடவே ஓடினோம்.

காஜாங் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து டெங்கிலுக்கு இன்னொன்று. செம்மண் தூசி உள்ளே வந்து எங்கள் மூன்று பேரையும் ஒரே நிறமாக்கியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு முறைதான் பேசினார்.

"நான் அவரு குடும்பத்தையே தெருவுல நிறுத்திட்டேன்டி. ஒரு வார்த்தைய விட்டிருந்தா என்னா கெட்டுப்போயிருக்கும்?"

"அவருதானே போடச் சொன்னாரு" என்றேன்.

"அவரு சொல்லுவாரு. எனக்கு எங்க போச்சு புத்தி?"

எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிற அந்த வாயிலிருந்து இப்படிக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குள் நுழைந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வேலாயுதத்தின் வீட்டைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் யாரும் துணி துவைத்துக் காயப்போட மாட்டார்கள். அக்காவும் அதைப் பார்த்துவிட்டார். அப்படியே வழியில் கிடந்த ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

வேலாயுதம் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயோ, வாங்கம்மா! காலைல இங்க நடந்த கூத்து தெரியாதா? தொரை என்னைக் கூப்பிட்டு விட்டாரு. போனா, 'ஹூ இஸ் காத்தமுத்து?'ங்கிறாரு!"

"என்னா சொன்னீங்க?" என்று அக்கா எழுந்து நின்றார்.

"என்னா சொல்றது? 'அப்பிடி ஒருத்தரு இந்தத் தோட்டத்துல இல்லீங்க தொரை'ன்னேன். உண்மைதானே? எங்கப்பா கப்பலே ஏறுனதில்ல. என் பேருக்கு முன்னாடி ஒரு 'கே' இருக்கு, அது என்னான்னு தொரை இத்தினி வருஷத்துல கேட்டதே கெடையாது."

சித்தப்பா திகைத்துப்போய், "அப்ப அதோட விட்டாரா?" என்றார்.

"எங்க விட்டாரு? கிராணி பழைய செக்ரோல் ஆள்கணக்குப் பேரேடு எல்லாத்தையும் பொரட்டுனாரு. வெல விழுந்தப்ப ஊருக்கு அனுப்புன ஆளுங்கள்ல ஒரு காத்தமுத்து இருந்திருக்காரு. 'அவன்தாங்க தொரை, கப்பலேறிட்டான்'னாரு கிராணி. தொரை மேசையைக் குத்துனாரு, விஷயம் முடிஞ்சிபோச்சு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நாகப்பட்டினத்தில் இறங்கி எங்கேயோ நாற்று நட்டுக்கொண்டிருக்கிற அந்த முகம் தெரியாத காத்தமுத்துவுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது அக்காவின் அறிவு அல்ல, அவருடைய பிடிவாதமான தப்பு. எனக்கு அன்று அந்தத் தப்பின்மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

வேலாயுதத்தின் மனைவி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். சித்தப்பா இந்த முறை இரண்டு டம்ளர் குடித்தார். அப்போது வேலாயுதம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்கம்மா, நான் இன்னும் பாக்கல" என்று கேட்டார். அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் பக்கத்தின் அடிவரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டு போனார். விரல் நின்றது.

"இதுதானாம்மா?"

"ஆமாங்க."

"எங்கப்பா பேரோட என் பேரும் இருக்கும்னு நெனச்சேன். என் பேரு இந்த ஒரு எழுத்துதானா?"

தப்பித்துவிட்ட மனுஷன், வீடும் வேலையும் கையில் இருக்கிற மனுஷன், முகம் வாடிப்போய் நின்றார். "நான் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாதே" என்றார். அவர் மனைவி, "போதும், சும்மா இருங்க" என்று அதட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு நாளு சரி பண்ணித் தரேங்க. இப்ப முடியாது" என்று மட்டும் சொன்னார்.

அந்த 'இப்ப முடியாது' அக்காவை எவ்வளவு அறுத்தது என்பதை நான் அடுத்த மாதம் பார்த்தேன். எங்கள் துரை, அரசாங்கத் தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. இறுதி மதிப்பெண் போட உட்கார்ந்தபோது, அக்காவின் தமிழ்ப் பெயர்களெல்லாம் தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

"தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. இது தவறு. இந்த 'வே' யார்? முழுப் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில்.

அக்காவின் கை பிஸ்கட் டின்னின் மூடிமேல் இருந்தது. அந்தப் பெயர் எழுதிய காலண்டர் தாள் அதற்குள்தான் இருந்தது.

"நினைவில்லை, சார்" என்றார்.

துரை நம்பவில்லை. அவருடைய மாணவர்களிலேயே இவர் ஒருத்தர்தான் எதையும் மறக்காதவர் என்று அவருக்கும் தெரியும். "ஆதாரம் தெரியாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியிருக்கும். முதல் இடம் போய்விடும்" என்றார்.

"குறைச்சுக்கோங்க, சார்."

முதல் இடம் சாமுவேலுக்குப் போனது. அவனே வந்து, "அக்கா, எனக்கே நியாயமாப் படல" என்றான். அக்கா தேறினார், வேலை நிரந்தரமானது, அதுவே போதும் என்றார். ஆனால் அந்தப் பத்திரிகையை அதற்குப் பிறகு அவர் வீட்டில் நான் வெளியில் பார்க்கவில்லை. துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்து வேலாயுதத்துக்குக் காஜாங்கில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. தோட்டத்தை விட்டு வந்துவிட்டார். செய்தி கேட்ட அன்றே அக்கா பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், செருப்புக்கடை விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் வந்தது: 'காத்தமுத்து, வே. என்பதைக் கா. வேலாயுதம் என்று திருத்திப் படிக்கவும். பிழை கட்டுரையாளருடையது.'

நாங்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு காஜாங்குக்குப் போனோம். மாடியில் ஒரே அறை, கீழே சீனர் ஒருவரின் மளிகைக்கடை. குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. வேலாயுதம் அந்த ஒரு வரியை நின்றுகொண்டு படித்தார். பிறகு மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். தன் பெயர் வந்ததும் கொஞ்சம் நிறுத்திப் படித்தார். அக்கா அழுதுவிட்டார். நானும்தான்.

"அம்மா, அந்தத் தோட்டத்துல நடந்தது இன்னும் நெறைய இருக்கு. எழுதிக்கிறீங்களா?" என்றார் அவர்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். மூடியைத் திருகப்போன கை நின்றது.

"மொதல்ல இதைச் சொல்லுங்க. பேரைப் போடலாமா, வேணாமா?"

வேலாயுதம் அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார்.

"போடுங்கம்மா. இந்த வீட்டுக்கு வாடகை நான்தான் குடுக்கறேன்."